நான் நடுவராக இருந்த ஒரே படகுப் பந்தயம்

எனக்கு நீந்தத் தெரியாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய ஆட்களிடம் சொல்லாமல் விட்டதால்தான் ஒரு திருநாள் காலையில் பதினோரு படகுகள் கரையிலிருந்து கிளம்பி என்னை நோக்கி வந்தன.

நான் ஆவூர்க்காரன். எங்கள் ஊரில் பெரிய மாதா கோயில் உண்டு, வயல் உண்டு, தெருவுக்கு நாலு வாத்தியார் உண்டு, வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் உண்டு. தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர்தான், அதுவும் மழை பெய்தால். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போய், துபாயில் ஒரு பாய்மரப் படகு கிளப்பில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "ரேஸ் செக்‌ஷன்" என்பேன். அது பொய் இல்லை. ரேஸ் செக்‌ஷனில் கொடிகளைத் துவைத்து, காயவைத்து, தேய்த்து, மடித்து அலமாரியில் அடுக்குகிற வேலை. (இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.)

அந்தக் கிளப்பில் அவ்வப்போது ஒரு பந்தயம் நடக்கும். அதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றும் ஆட்கள் வருவார்கள். கூட்டமாகப் படகுகள் கிளம்புகிற பந்தயம் இல்லை அது. இரண்டே படகு. ஒன்றுக்கு ஒன்று. ஒன்றில் நீலக் கொடி, இன்னொன்றில் மஞ்சள் கொடி. வேகமாகப் போவது அதில் பாதி வேலைதான். எதிராளியை வேகமாகப் போகவிடாமல் செய்வது மீதிப் பாதி. பந்தயம் தொடங்குவதற்கு நாலு நிமிடம் முன்பே இரண்டும் எதிரெதிர் முனையிலிருந்து உள்ளே வந்து நேருக்கு நேர் மோதுவதுபோல் பாயும். அப்புறம் ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி வரும். வழிவிட வேண்டிய படகை வழிவிட முடியாத இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குற்றவாளி ஆக்குவார்கள். பின்னாலேயே ஒரு மோட்டார் படகில் நடுவர்கள் துரத்திக்கொண்டு போவார்கள். எதிராளி தப்பு செய்தான் என்று நினைத்தால் படகில் இருப்பவன் சிவப்பும் மஞ்சளுமாய்க் கோடு போட்ட ஒரு கொடியைத் தூக்குவான். நடுவர் அங்கேயே, அப்போதே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். தப்பு இல்லை என்றால் பச்சையும் வெள்ளையுமான கொடி. தப்பு என்றால் தப்பு செய்த படகின் நிறத்தில் ஒரு கொடி. தண்டனை பெற்ற படகு ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் மேலே போக முடியும்.

கிடங்கு ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே இஸ்திரி போடுவேன். நாலைந்து கொடிகள் அதனால் கருகியிருக்கின்றன. நடுவர் கொடியைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நான் துவைத்த கொடி அல்லவா.

விடுமுறையில் வந்தபோது, விசா புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனைக்காகப் புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அங்கேதான் ரோசலின் வேலை பார்த்தாள். ஊசி குத்தும் முன்பே நான் மயங்கி விழுந்ததில் ஆரம்பித்தது எங்கள் பழக்கம். மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் அவளுக்கு. அப்பா சந்தியாகு, சொந்தப் படகுக்காரர். மூன்று விடுமுறைகளுக்குப் பிறகு வீட்டில் பேசலாம் என்று முடிவானது. அவள்தான் முதலில் பேசினாள். பேசிவிட்டுப் போன் செய்தாள்.

"அப்பா மேட்டுக்காரங்களுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னாரு. கடலப் பத்தி ஒண்ணும் தெரியாதவன் வீட்டுல எம்மக என்னத்தப் பேசுவான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அவரு துபாய்ல படகு ரேசே நடத்துறாருன்னேன்."

நான் மறுத்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்ததோ, "சரியாத்தான் சொல்லியிருக்க" என்பது.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சந்தியாகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியைக் காட்டினார். காப்பி வந்தது. காப்பியோடு சிக்கலும் வந்தது.

அந்த ஊர்த் திருநாளில் பாய்மரப் படகுப் பந்தயம் வழக்கம். எல்லாரும் இன்ஜின் படகுக்கு மாறிவிட்டதால் பாய் கட்டி ஓட்டும் படகு இரண்டுதான் மிச்சம். ஒன்று சந்தியாகுவுடையது. இன்னொன்று அவருடைய மச்சான் இன்னாசியுடையது. இன்னாசி, ரோசலினின் தாய்மாமன். போன வருடப் பந்தயத்தில் இரண்டு படகும் உரசிக்கொண்டன. யார் மேல் தப்பு என்ற பேச்சு கரைக்கு வந்து, வீட்டுக்கு வந்து, ஒரு வருடமாக மாமனும் மச்சானும் முகம் பார்ப்பதில்லை. தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் அந்த வீட்டில் கல்யாணம் நடக்காது. அதற்கு இரண்டு பேரும் ஒரே பந்தலுக்குள் வர வேண்டும்.

"இந்த வருசம் ரெண்டே படகுதான் தம்பி. எங்க ஊர்க்காரன் யாரு தீர்ப்புச் சொன்னாலும் சண்டதான் வரும். நீங்க வெளியாளு. வெளிநாட்டுல இதே வேலையாத்தான் இருக்கீங்க. நீங்க நடுவரா நில்லுங்க" என்றார் சந்தியாகு.

ரோசலின் கதவுக்குப் பின்னால் நின்று தலையை வேண்டாம் என்று ஆட்டினாள். நான் அதை வேண்டும் என்று புரிந்துகொண்டேன். (உண்மையைச் சொன்னால், சரியாகத்தான் புரிந்தது. ஆனால் நடுவர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு மற்றதெல்லாம் கேட்கவில்லை.)

"இன்டர்நேஷனல் ரூல்ஸ்லயே நடத்திருவோம் மாமா" என்றேன். அவரை நான் மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தார்.

ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் என்னைக் கரித்துக்கொட்டுவார், கல்யாணம் நின்றுபோகும் என்பது அன்று இரவே உறைத்தது. அதற்கும் சமாதானம் வைத்திருந்தேன். தீர்ப்பு துல்லியமாக இருந்தால் தோற்றவரும் ஒப்புக்கொள்வார். துபாயில் அப்படித்தான் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு என் மாமனாராகும் உத்தேசம் இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள், படகுக்கு ஆறு பேராக, இரண்டு படகு ஆட்களுக்கும் தனித்தனியாக விதிகளை விளக்கினேன். ஒரே இடத்தில் நிற்க மாட்டார்கள் அல்லவா. கிளப்பில் கழித்துப் போட்ட கொடிகளை ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன். (அம்மா அதில் ஒன்றை அரிசி மூட்டைக்கு மூடியாகப் போட்டிருந்தார். கெஞ்சி வாங்கி வந்தேன்.) மணலில் குச்சியால் கோடு கிழித்து, காற்றை வலப்பக்கம் வாங்கும் படகுக்கு வழி விட வேண்டும், முன்கூட்டியே சுற்ற வேண்டும், மறிக்க வேண்டும், தப்பு நடந்தால் சிவப்பு மஞ்சள் கொடியைத் தூக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினேன். நாற்பது வருடம் கடலில் கிடந்தவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். பாவம், கேட்டுக்கொண்டார்கள்.

இன்னாசி ஒரு சந்தேகம்தான் கேட்டார். மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"கடல்ல கொடியத் தூக்குறதா தம்பி?"

"ஆமா மாமா. அதான் ரூல்."

அவர் கொடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரூலுன்னா சரி" என்று மடித்து வைத்தார். மடித்த விதம் சரியில்லை என்று அதையும் வாங்கி நான் ஒரு முறை மடித்துக் காட்டினேன்.

கொடி தூக்கினால் என்ன அர்த்தம் என்று அந்தப் பன்னிரண்டு பேருக்கும் சொன்னேன். கரையில் இருந்த ஊருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

திருநாள் காலை, பூசை முடிந்ததும் கரை முழுக்க ஜனம். ஒலிபெருக்கி, ஐஸ் வண்டி, பரிசாகக் கட்டிவைத்த ஒரு வெள்ளாட்டுக் கிடாய். நான் வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில். என்னை ஏற்றிக்கொண்டு போக ஒரு ஃபைபர் படகு. அதை ஓட்டியவர் செல்வம் என்பவர். ஏறும்போதே என் ஷூவைப் பார்த்து, "இதோடயா வாரீங்க?" என்றார். நான் புன்னகை செய்தேன்.

படகு கரையை விட்டுப் பத்து நிமிடத்தில் என் வயிறு என்னோடு பேச ஆரம்பித்தது. ஆறு வருடம் கிளப்பில் இருந்தாலும் நான் தண்ணீரில் போனது அதுவரை கிடையாது. கொடிதான் போகும், நனையும், திரும்பி வரும்.

விசில் ஊதினேன். இரண்டு படகும் எதிரெதிரே வந்தன. துபாய்க்காரர்கள் வெட்கப்படும்படி வந்தன. ஒரு வருடமாகப் பேசாத மனிதர்கள் நேருக்கு நேர் பாய்ந்தால் எப்படி இருக்கும் என்பதை எந்தக் கிளப்பிலும் பார்க்க முடியாது. சந்தியாகு சுக்கானைப் பிடித்திருந்தார். எதிரே இன்னாசி சுக்கானைப் பிடித்திருந்தார். சுற்ற ஆரம்பித்தார்கள். படகு கவிழாமல் இருக்க உள்ளே கிடந்த மணல் மூட்டைகளை ஆட்கள் இங்கிட்டும் அங்கிட்டும் புரட்டிப்போட, படகுகள் ஒன்றை ஒன்று மறித்துச் சுற்றின. நாலு நிமிடம் முடிந்தது. தொடங்குவதற்கு விசில் ஊதினேன். யாரும் தொடங்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தார்கள். நான்தானே சொன்னேன், எதிராளியைப் போகவிடாமல் செய்வதுதான் திறமை என்று. இரண்டு பேரும் அதில் முழுத் திறமை காட்டினார்கள். கால் மணி நேரம் ஆனது.

ஒலிபெருக்கியில் குரல் கேட்டது. "அன்பார்ந்த பொதுமக்களே, ரெண்டு படகும் சுத்திக்கிட்டே இருக்கு. காரணம் நடுவருக்குத்தான் தெரியும்."

நடுவர் அப்போது ஃபைபர் படகின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டுக் காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, படுத்துக்கங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்றார் செல்வம்.

"நடுவர் படுக்கக் கூடாது" என்றேன். அதுவும் ரூல் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் காற்று கொஞ்சம் ஏறியதில் இன்னாசி படகு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. சந்தியாகு பின்னாலேயே விரட்டினார். ஆழத்து மிதவையைச் சுற்றிக் கரைப் பக்கத்து மிதவைக்குத் திரும்பியபோது இன்னாசி இருபது முழம் முன்னால். மிதவையில் சந்தியாகு உள்பக்கமாக நுழையப் பார்த்தார். இன்னாசி இடம் கொடுத்தாரா, நெருக்கினாரா, உரசியதா, உரசவில்லையா? பந்தயத்தின் உயிரே அந்த ஒரு நொடிதான். அதைப் பார்க்கத்தான் நான் ஆவூரிலிருந்து வந்திருந்தேன். அந்த நொடியில் நான் மறுபடியும் தலையைத் தொங்கவிட்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் சந்தியாகு படகில் சிவப்பு மஞ்சள் கொடி ஏறியிருந்தது. துடுப்பில் கட்டி உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். என் கொடி. என் இஸ்திரி. நெஞ்சு நிமிர்ந்தது. பச்சைக் கொடியா, நீலமா, மஞ்சளா என்று மடியில் துழாவினேன். எதையும் பார்க்காததால் எதைத் தூக்குவது என்று தெரியவில்லை.

அதற்குள் இன்னாசி படகு நின்றுவிட்டது.

எல்லைக் கோடு எதிரே தெரிந்தது. காற்று முதுகில் இருந்தது. ஜெயித்தாகிவிட்டது. அவர் பாயை இறக்கச் சொல்லி, படகைத் திருப்பி, துடுப்புப் போட்டுக்கொண்டு சந்தியாகு படகை நோக்கி வந்தார். நான் விசில் ஊதினேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் கரையிலிருந்து வந்த சத்தம். ஒன்று, இரண்டு, ஐந்து என்று இன்ஜின்கள் கிளம்பின. ஒலிபெருக்கி அலறியது. கோயில் மணி வேறு அடிக்க ஆரம்பித்தது. கரையில் பெண்கள் தலையில் கைவைத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் ஓடிவந்தார்கள்.

"என்ன ஆச்சு செல்வம்?"

"என்ன ஆச்சா? கொடி தூக்கியிருக்காங்கல்ல அண்ணே. கடல்ல துணியத் தூக்குனா உசுருக்கு ஆபத்துன்னு அர்த்தம். பாத்தவன் பாத்தபடி வந்தாகணும்."

எனக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. எழுந்து நின்றேன். வேண்டாம், திரும்பிப் போங்கள், ஒன்றும் இல்லை என்று பதினோரு படகுகளுக்கும் சொல்ல வேண்டும். கத்தினால் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. அதனால் கையில் இருந்ததைக் கொண்டு சைகை காட்டினேன். கையில் இருந்தது மூன்று கொடி. மூன்றையும் சேர்த்து வீசினேன்.

வருகிற படகுகள் இன்னும் வேகம் எடுத்தன.

முதலில் வந்த படகு எங்கள் ஃபைபரை ஓர் இடி இடித்தது. நான் கொடிகளோடு கடலில் விழுந்தேன்.

சாவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உப்பாக இருக்கும். கையைக் காலை அடித்தேன். தண்ணீரைக் குடித்தேன். "காப்பாத்துங்க, எனக்கு நீச்சல் தெரியாது" என்று ஊரே கேட்கக் கத்தினேன். ரோசலின் பெயரைச் சொல்லிக் கத்தியதாகவும் சொல்கிறார்கள். அது எனக்கு நினைவில்லை. என் தலைக்கு மேலே இன்னாசியின் மெதுவான குரல் கேட்டது.

"தம்பி. எந்திரிச்சு நில்லுங்க."

நின்றேன். தண்ணீர் என் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. அந்தப் பக்கத்துக் கடல் கரையோரம் அப்படித்தான், வெகுதூரம் ஆழமே கிடையாது. பதினோரு படகும் வட்டமாக நின்றன. நாற்பது ஐம்பது பேர் என்னைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இன்னாசி என்னை விட்டுவிட்டு அடுத்திருந்த சந்தியாகு படகைப் பார்த்தார்.

"மச்சான், என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

ஒரு வருடம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை. சந்தியாகு கொடியைக் கீழே இறக்கினார். மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல மச்சான். நீ நெருக்கிட்டன்னு கொடி புடிச்சோம்."

"அதுக்கா?"

"ம்" என்ற சந்தியாகு மேலும் கேட்டார்.

"ஒனக்குத் தெரியும்ல, அது ரூலுக் கொடின்னு. அப்பறம் எதுக்குத் திரும்புன? செயிச்சிருப்பியே."

"தெரியும். இந்தத் தம்பி சொன்னதெல்லாம் ஞாபகத்துலதான் இருந்துச்சு" என்றார் இன்னாசி. "ஒருவேள நெசமாவே ஏதாச்சும் ஆயிருந்தா?"

சந்தியாகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மாமனும் மச்சானும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். கடல்காரர்கள் ஏசினால் எப்படி இருக்கும் என்பதை இங்கே எழுத முடியாது. ஒருவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது இன்னொருவர் விட்ட இடத்தில் தொடர்ந்தார். அவ்வளவு ஒற்றுமை.

கடைசியில் சந்தியாகு கேட்டார். "தண்ணியக் கண்டாலே நடுங்குறீங்க. துபாய்ல நெசமா என்ன வேலதான் பாக்குறீங்க?"

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, தலையில் பாசியோடு, மனிதன் எவ்வளவு நேரம் பொய் சொல்ல முடியும்?

"கொடி துவைக்கிற வேலை மாமா."

அவர் மடியில் இருந்த கொடியை விரித்துப் பார்த்தார்.

"அதான் சுத்தமா இருக்கு" என்றார்.

அப்போதுதான் அத்தனை படகும் சிரித்தது. கரை வரைக்கும் சிரித்தது. என்னைப் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, வலையைப் போடும் இடத்தில் போட்டுக் கொண்டுபோனார்கள்.

கரையில் கிடாய் காத்திருந்தது. நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த நிலையிலும் என் புத்தி கல்யாணத்தில்தான் இருந்தது. ஒருவரையும் பகைக்கக் கூடாது. மைக்கைப் பிடித்து, "ரெண்டு படகும் சமம்" என்றேன்.

"நடுவர் தப்பாச் சொல்றாரு" என்றார் சந்தியாகு. நேரே போய்க் கிடாயை அவிழ்த்தார். கயிற்றை இன்னாசி கையில் கொடுத்தார். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே தீர்ப்பு, சொன்ன இடத்திலேயே ரத்தானது.

அன்று மத்தியானம் அந்தக் கிடாயை இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது. எனக்கும் ஓர் இலை போட்டார்கள். கடைசி இலை. நான் சோற்றில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்தது, உண்மையாகவே. இன்னாசி எலும்பைக் கடித்தபடி பேச்சை எடுத்தார்.

"ஒரு வருசமா மச்சானும் நானும் பேசல. பேசுனதும் மொதல்ல ஒங்களத்தான் ஏசுனோம். அந்த வகையில நீங்க நம்ம குடும்பத்துக்கு ஒதவிதான் தம்பி."

சந்தியாகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "பொய் சொன்னது சொன்னதுதான். ஆனா கேட்டதும் ஒத்துக்கிட்டாப்ல. எம்மகள எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போகட்டும். கடலுக்கு மட்டும் கூட்டிப் போகக் கூடாது. அப்பறம் அவதான் இவரத் தூக்கிட்டு வரணும்."

சாப்பாடு முடிந்து கைகழுவும் இடத்தில் ரோசலினிடம் மன்னிப்புக் கேட்டேன், உன்னையும் ஏமாற்றிவிட்டேன் என்று.

"என்ன ஏமாத்துனீங்க? மெடிக்கல் ஃபாரத்துல என்ன வேலைன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. நான்தான கம்ப்யூட்டர்ல ஏத்துனேன்."

"அப்புறம் ஏன் ரேஸ் நடத்துறவர்னு சொன்ன?"

"கொடி துவைக்கிறவருன்னு சொல்லியிருந்தா எங்கப்பா ஒங்களக் கரைக்கே விட்டுருக்க மாட்டாரு."

துபாய்க்குத் திரும்பியதும், வெட்கத்தில், கிடங்கில் கிடந்த பந்தய விதிப்புத்தகத்தை முதன்முறையாகத் திறந்தேன். ஆறு வருடமாக அதை இஸ்திரிப் பெட்டி வைக்கத்தான் பயன்படுத்தியிருந்தேன். சுற்றுவது, மறிப்பது, கொடி, தண்டனை எல்லாம் பின்னால் இருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் விதியாக அச்சடித்திருந்தது இதுதான்: ஆபத்தில் இருப்பவருக்கு, பந்தயத்தில் இருப்பவரும் தன்னால் முடிந்த எல்லா உதவியும் செய்ய வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் நான் விதி சொல்லிக்கொடுத்ததை நினைத்துப் பார்த்தேன். காது சுட்டது.

கல்யாணத்தில் இன்னாசி மாமாதான் மாலை எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஊரில் "கொடி மாப்ள" என்று பெயர் நிலைத்துவிட்டது. இப்போது புதுக்கோட்டையிலேயே ஒரு சலவைக் கடை வைத்திருக்கிறேன். வருடா வருடம் திருநாளுக்குப் போகிறோம். பந்தயம் அதே இரண்டு படகுதான், ஒன்றுக்கு ஒன்றுதான், அந்தச் சுற்றுகிற பழக்கத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. எனக்குக் கரையில், பின்வரிசையில் ஒரு நாற்காலி போடுவார்கள்.

போன வருடம் நல்ல வெயில். நெற்றி வியர்வையைத் துடைக்கலாம் என்று பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறினேன். ரோசலின் சட்டென்று என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அங்க பாருங்க" என்றாள். "ரெண்டு படகும் திரும்புது."